இலையில் இருப்பவன்

சோறு தட்டுவதற்கு ஓலைப்பாயை விரித்துக்கொண்டிருந்தபோது ராஜையா மருமகனிடம் மறுபடியும் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார்.

"பெட்டி கெட்டியாச்சா?"

"ம்."

"நாலு மணி வண்டியாக்கும். அதை விட்டா பின்ன இன்னைக்கு நேர் வண்டி கிடையாது."

ரெத்தினதாஸ் பாயின் முனையை இழுத்துப் பிடித்தான். புதுப் பாய், பனையோலையின் பச்சை வாசம் இன்னும் போகவில்லை. எதிர்முனையைப் பிடித்திருந்த ராஜையா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாகவே பார்ப்பதில்லை. பேசும்போது அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்ப்பார், அல்லது அவன் தோளுக்குப் பின்னால் நிற்கும் மரத்தை. கிறிஸ்தவ சபையின் மூப்பர் அவர். கோவிலுக்குள் யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிற மனிதர் அவர். மருமகனுக்கு மட்டும் இப்படி.

நாகர்கோவில் காலேஜில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. இருந்தவர் மேல்படிப்புக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று பழைய பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். போன வருஷமும் இப்படி ஒன்று வந்தது; ரெத்தினதாஸ் போகவில்லை. பெண்டாட்டியின் கல்லறையை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசில்லை என்று பாறசாலை முழுக்கப் பேசினார்கள். அவன் மறுக்கவில்லை. கல்லறைக்கு அவன் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவன் இங்கே தங்கியிருந்தது வேறொன்றுக்காக. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"சாரு போனா மெட்ராஸ்காரனாக்கும்," என்றார் பரமசிவன். கோவிலுக்குப் பின்வீட்டுக்காரர். சபையைச் சேர்ந்தவர் இல்லை என்றாலும் ஒவ்வொரு வருஷமும் அசனத்துக்கு விறகு கீற அவர்தான் வருவார். "வாற நவம்பர் முதல் களியிக்காவிளைக்கு அங்கோட்டு அவிய ராஜ்ஜியம். நம்ம பாறசாலை இஞ்சோட்டு கிடக்கும். அடி ரெண்டு பக்கமும் வாங்கியாச்சு. ராஜ்ஜியம் ஒரு பக்கந்தான் கிட்டிச்சு."

"சும்மா வெறகு கீறுலே," என்றார் ராஜையா.

"கீறுகேன். எடது கையால கீறினா வெறகுக்கே கோவம் வருது மூப்பரே."

அவருடைய வலது கை முழங்கையில் ஒடிந்து, தப்பாகக் கூடிய கை. அது எப்போதும் எதையோ ஏந்தி நிற்பதுபோல மடங்கியே இருக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை சபையார் கூடிப் பொங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் இலை போட்டுச் சோறு விளம்பும் நாள் அசனம். அதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இலையில் இருப்பவனை யாரென்று கேட்கக்கூடாது, எழுப்பவும் கூடாது. தலைமுறைப் பகையாளி வந்து இருந்தாலும் சோறு போட வேண்டும். வெட்டோ குத்தோ, அவன் எழுந்து கை கழுவிய பிறகுதான். இந்தச் சட்டத்தை ராஜையா சின்ன வயதிலிருந்தே நம்பினார். அதை நம்பித்தான் ஐம்பத்திநாலு ஆகஸ்டில் அப்படிச் செய்தார்.

அன்று ஜங்ஷனில் ஊர்வலம். தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று கொடி பிடித்துப் போனவர்களைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. சிதறியவர்களில் ஒரு கூட்டம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்கள் வழியாக விழுந்தடித்துக் கோவில் வளாகத்துக்குள் வந்தது. இரண்டாவது பந்திக்கு இலை போட்டு முடித்திருந்த நேரம். தலையில் ரத்தம் ஒழுக ஓடிவந்தவர்களைப் பார்த்து ராஜையா கையை விரித்துக் கத்தினார். "ஓடாதுங்கலே! இருங்க! இலையில இருங்க!"

அவர்கள் இருந்தார்கள். துரத்தி வந்த போலீசிலும் பாதிப்பேர் இந்தப் பக்கத்துக்காரர்கள், அசனச் சோறு தின்று வளர்ந்தவர்கள், பந்தி முடியும்வரை பந்தலுக்கு வெளியே நிற்பார்கள் என்று ராஜையா எண்ணினார். அவர்கள் நிற்கவில்லை. "எழுந்நேல்க்கெடா!" என்று மலையாளத்தில் கத்தியபடி உள்ளே வந்தார்கள். குனிந்து உட்கார்ந்திருக்கும் முதுகு லத்திக்கு எவ்வளவு வசதியானது என்பதை ரெத்தினதாஸ் அன்றுதான் கண்டான். அடி விழுந்தவன் இலையின் மேலேயே கவிழ்ந்தான். ஒருவன் வாயில் சோற்றோடு பல்லைத் துப்பினான். எழுந்தவனுக்கு மார்பில் அடி, எழாதவனுக்கு மண்டையில் அடி. சாம்பார் எது ரத்தம் எது என்று தெரியாதபடி இலைகள் மிதிபட்டன.

அடுப்பருகே நாலுபேர் கம்பு கொடுத்துக் கிடாரத்தைச் சரித்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பு பரமசிவன் கையில். ராஜையாவின் மகள் லீலாபாய் சோற்றுக் கூடையோடு ஒரு கான்ஸ்டபிளின் குறுக்கே போய் நின்றாள். அவள் ஏதோ சொல்வது தெரிந்தது. ரெத்தினதாஸ் பந்தலின் அந்தக் கடைசியில் இருந்தான், கூச்சலில் கேட்கவில்லை. கான்ஸ்டபிள் லத்தியைக் குறுக்காகப் பிடித்து அவளை நெஞ்சோடு தள்ளினான். அவள் அடுப்பின் பக்கம் மல்லாந்தாள். அடுத்த வீச்சு பரமசிவனின் முழங்கையில் விழுந்தது. கை தப்பான பக்கம் மடங்குவதை ரெத்தினதாஸ் கண்டான். கம்பு நழுவியது. கிடாரம் புரண்டது.

கொதிக்கும் கஞ்சியும் சோறும் அவள்மேல் போயின. கான்ஸ்டபிளின் காலிலும் விழுந்தது. அவனும் அலறினான். அவன் முகத்தை ரெத்தினதாஸ் பார்க்கவில்லை. அவளை நோக்கி ஓடியபோது கண்ணில் பட்டது ஒரு முழங்கால்தான். காக்கி நிக்கருக்குக் கீழே, தோல் சுருண்டு உறைபோல இறங்கிக்கொண்டிருந்த முழங்கால்.

மிஷன் ஆஸ்பத்திரியில் லீலாபாயை வாழையிலையில் கிடத்தினார்கள். துணி ஒட்டும் என்பதால் இலை. மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு நினைவு வந்தது. "பந்தி முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "முடிஞ்சுது," என்றான் ரெத்தினதாஸ். மத்தியானம் இறந்தாள்.

அந்தக் கான்ஸ்டபிள் யாரென்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஆண்கள் முண்டு வேட்டியை மடித்துக் கட்டித் திரியும் ஊர் இது. ரெத்தினதாஸ் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு அலைந்தான். பாலராமபுரம் சந்தையில், நெய்யாற்றின்கரை ஆற்றங்கடவில், சாயாக்கடை பெஞ்சுகளில். தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புவான். பாவம், துக்கத்தில் திரிகிறான் என்றார்கள். துக்கம் என்று ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வேலை மட்டும் இருந்தது. அது முடியாமல் நாகர்கோவிலில் போய்ச் சோதனைக்குழாய் கழுவ அவனால் முடியாது. இந்தத் தடவை பெட்டி கட்டியதுகூட ராஜையா தினம் கேட்பதை நிறுத்துவதற்காகத்தான். நாலு மணிக்கு ஏறுவானா மாட்டானா என்று அவனுக்கே தெரியாது.

போன வருஷம் அசனம் நடக்கவில்லை. இந்த வருஷம் நடத்தியே தீர வேண்டும் என்று ராஜையா பிடிவாதமாக நின்றார். எல்லை எந்தப் பக்கம் போனாலும் அடுப்பு அணையக்கூடாது என்றார். முதல் பந்தி நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது பந்தியில் ரெத்தினதாஸ் சாம்பார் வாளியோடு குனிந்து குனிந்து போனான். விளம்புகிறவனுக்கு முகங்கள் தெரியாது. இலையும் கையும் மடக்கிய கால்களும்தான் தெரியும்.

தூணுக்குப் பக்கத்து இலையில் ஒரு கால் மடங்காமல் பக்கவாட்டில் நீண்டிருந்தது. முண்டு விலகியிருந்தது. முழங்காலைச் சுற்றித் தோல் வெளிறி, பளபளத்து, உருகி உறைந்த மெழுகுபோல இருந்தது.

ரெத்தினதாஸ் அந்த இலைக்கு விளம்பினான். அடுத்த இலைக்கும் விளம்பினான். வரிசையின் முடிவுவரை போய்விட்டு அடுப்படிக்குத் திரும்பினான். வாளியில் மீதியிருந்ததைச் சருவத்தில் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்த கிடாரத்திலிருந்து முகந்தான்.

"எடுத்து வச்சது இருக்கே மக்கா," என்றார் ராஜையா. "அது கொதிக்கியது."

அவன் முகந்துகொண்டே இருந்தான். ராஜையா நிமிர்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு பந்தலைப் பார்த்தார்.

"யாரு?"

"தூண் பக்கம். வெள்ளைச் சட்டை."

"நிச்சயமா?"

"வெந்த முட்டு."

அவர் அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

"இலையில வச்சு வேண்டாம்," என்றார். "எழும்பட்டு. கை கழுவட்டு. பின்ன."

அவர் போய்ப் பரமசிவனின் காதில் சொன்னார். கோடாலி நின்றது. கீறிப் போட்டிருந்த குவியலில் பரமசிவன் தேடி ஒரு புளிய விறகை எடுத்தார். கனம் பார்த்தார். அதை வைத்துவிட்டு வேறொன்று எடுத்தார். விளம்பிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடையையும் வாளியையும் இறக்கி வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் ஒதுங்கினார்கள். மகளைக் கொன்ற சட்டத்தை இந்த மனிதர் இன்னும் விடவில்லை என்று ரெத்தினதாஸ் நினைத்தான். விட்டால் அன்றைக்கு அவர் கத்தியது வெறும் முட்டாள்தனமாகிவிடும்.

பந்தி எழுந்தது. எல்லோரும் கை கழுவப் போனார்கள். தூணுக்குப் பக்கத்தில் இருந்தவன் மட்டும் எழவில்லை. அவன் தலையைத் தூக்கி அடுப்படியைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். வாசலிலும் இரண்டுபேர் நின்றார்கள். தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவனுக்கு இரு பக்கமும் எச்சில் இலைகள் எடுபட்டு, வெறும் மண்ணில் ஒற்றை இலை மட்டும் மிஞ்சியது.

"கொஞ்சம் சோறு," என்றான்.

யாரும் அசையவில்லை. ரெத்தினதாஸ் பாயிலிருந்து சோற்றை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு போனான். போட்டான். முப்பது வயதிருக்கும் அவனுக்கு. மெலிந்த முகம். முகத்தைத் தேடியிருந்தால் எந்தக் கூட்டத்திலும் கவனித்திருக்க முடியாத முகம்.

"கறி."

ராஜையா கீழே வைத்த வாளியையே எடுத்துவந்தான். ஆவி அடங்கவில்லை. அந்த ஆள் சோற்றின்மேல் இருந்த கையை எடுக்கவில்லை. ரெத்தினதாஸும் நிறுத்தவில்லை. சாம்பார் அவன் விரல்களின்மேல் விழுந்து மணிக்கட்டில் வழிந்து இலையைத் தாண்டி மண்ணில் ஓடியது. தோல் சிவப்பேறியது. அந்த ஆளின் தாடை இறுகியது, கண்ணில் நீர் முட்டியது. கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ரெத்தினதாஸ் தனக்குள் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். இரண்டு வருஷம் இதற்காகத்தானே. ஒன்றும் வரவில்லை. கஞ்சி வாசம் மட்டும் வந்தது.

பரமசிவன் விறகோடு வந்து இலைக்கு முன்னால் குந்தினார்.

"எலே போலீசு. இந்தக் கையைத் தெரியுதா?"

அவன் பார்த்தான். தலையசைத்தான்.

"தின்னு. நல்லா தின்னு. ஒன்னைக் கீறும்போ சோறு தனியா கறி தனியா வெளிய வரணும்." விறகால் தூணில் ஓர் அடி. பந்தல் ஓலையிலிருந்து தூசி இலைமேல் கொட்டியது. "எனக்கு எடது கையாக்கும். ஒரே போட்டுல தீராது. செத்த நேரம் பிடிக்கும்."

"இலையில வச்சு வேண்டாம்லே!" என்று ராஜையா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"நான் தொடல்ல மூப்பரே. பேசினேன்." பரமசிவன் எழுந்து போய் விறகு கீறும் கட்டையில் உட்கார்ந்தார்.

அந்த ஆள் தூசி விழுந்த சோற்றைப் பிசைந்தான். மெல்லக் கேட்டான்.

"சாருதானா மரிச்சுப்போன அவியளுக்க மாப்பிள?"

ரெத்தினதாஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சோற்றுக் கூடையை எடுத்துக்கொண்டான்.

"செல்லையன்னு பேரு. நானும் சபைதான், நெய்யாற்றின்கரை பக்கம். வேலை போயாச்சு, கால் மடங்காது."

"எதுக்கு வந்தீரு?"

செல்லையன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான்.

"அன்னைக்கு அவிய என்னை இருக்கச் சொன்னாவ. 'சாப்பிட்டு எழும்பட்டு சார், நீங்களும் இருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க'ன்னு சொன்னாவ. நான் இருக்கல்ல."

ரெத்தினதாஸுக்கு அவள் என்ன சொன்னாள் என்பது இத்தனை நாளும் தெரியாது. வாய் அசைந்ததைத்தான் பார்த்திருந்தான். அந்த வாக்கியத்தை அவள் குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவள்தான். யாரையும் சாப்பிடச் சொல்லும்போது 'ஒரு வாய்' என்பாள். வீட்டுக்கு வந்த தபால்காரரைக்கூட அப்படித்தான் சொல்லுவாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க சார்," என்றான் செல்லையன்.

"தின்ன முடியுமா?"

"முடியாது. வயித்துல எடமில்ல."

"ஓட முடியுமா?"

செல்லையன் தன் காலைப் பார்த்தான்.

மாமியார் ஞானபாய் அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். கனமான தகரப்பெட்டி, இரண்டு கையாலும் பிடித்து இடுப்பில் இடுக்கியிருந்தாள். இலையில் இருப்பவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மக்கா, வண்டிக்கு நேரமாச்சு. போ."

"மாமி..."

"நீ இதுல நிக்கப்படாது. நாளைக்கு போலீசு வந்து கேட்டா, நீ அப்பவே நாகர்கோவிலுக்குப் போயாச்சுன்னு சொல்லிக்கிடுவோம். இவிய பாத்துக்கிடுவினும். எங்களுக்கு வயசாச்சு, தூக்குல போட்டா போடட்டு. நீ படிச்சவன். அவ உன்னைப் படிச்சவன்னு சொல்லித்தானே கெட்டிக்கிட்டா." அவள் பெட்டியை அவன் பக்கம் நீட்டினாள். "அந்தக் கூடையைக் கீழ வையி. கையைக் கழுவு. வண்டி ஏறு."

விளம்புகிறவர்களில் பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பது தான் ஒருவன் மட்டும்தான் என்பதை ரெத்தினதாஸ் அப்போதுதான் கவனித்தான். மற்றவர்கள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விளம்ப ஆள் இல்லேன்னா பந்தி முடிஞ்சுது," என்றார் ராஜையா, பொதுவாக, யாரையும் பார்க்காமல். "அவ்வளவுதான்."

ஜங்ஷன் வளைவில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. வாசலைத் தாண்டி ஓடினால் பிடித்துவிடலாம். ஏறி உட்கார்ந்தால் களியிக்காவிளை தாண்டும்போது இங்கே எல்லாம் முடிந்திருக்கும். அவன் கையில் ஒன்றும் பட்டிருக்காது. திங்கட்கிழமை காலை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மாணவர்களுக்கு அமிலத்தை எப்படி ஊற்ற வேண்டும் என்று காட்டலாம். தேடிக்கொண்டிருந்த வேலையும் முடிந்துவிடும். அவன் முடிக்காமலேயே முடிந்துவிடும். இதைவிட நல்ல வழி அவனுக்கு யாரும் செய்து தரப்போவதில்லை.

பரமசிவன் கட்டையிலிருந்து எழுந்தார். விறகை இடது கைக்கு மாற்றினார்.

"சாரே," என்று கேட்டார். "பந்தி முடிஞ்சுதா?"

ரெத்தினதாஸ் அவரைப் பார்த்தான். அந்தக் கேள்விக்கு ஒருமுறை முடிந்தது என்று சொல்லியிருக்கிறான்.

"முடியல்ல," என்றான். "இலை போடுங்க."

யாரும் நகரவில்லை. அவனே கூடையை வைத்துவிட்டு, இலைக்கட்டை அவிழ்த்துத் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டுக்கொண்டு போனான். வெளியே நிழலில் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தூரத்து வேலைக்காரர்கள், வழிப்போக்கர்கள், இடுப்பில் பிள்ளையோடு சில பெண்கள். இலை விழுந்ததைப் பார்த்து முண்டியடித்து உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். செல்லையனுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் இருந்து, கொஞ்சம் தள்ளி இரியும் என்று அவன் காலைத் தட்டினார்.

பஸ் வந்து நின்று, இன்னொரு முறை ஹார்ன் அடித்து, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ஞானபாய் பெட்டியை இறக்கி வைத்தாள். ராஜையா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். இனிப் பொங்குவதற்கு அரிசி இல்லை. பரமசிவன் மறுபடி கட்டையில் உட்கார்ந்து, விறகை மடியில் கிடத்தி, அதிலிருந்து சிம்பு சிம்பாக உரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமில்லை.

ரெத்தினதாஸ் ஒவ்வொரு இலையாக விளம்பிக்கொண்டு வந்தான். செல்லையனின் இலையில் முன்பு போட்டது அப்படியே இருந்தது. அதன்மேலேயே இன்னொரு கை போட்டான். கூடை காலியானதும் பாய்க்குத் திரும்பிக் குனிந்து வாரினான். சோற்றுக் குவியல் நடுவில் பள்ளமாகியிருந்தது. அவனுடைய விரல் நகங்கள் ஓலையில் பட்டன. பாயின் பின்னல் ஓரங்களிலிருந்து தெரியத் தொடங்கியிருந்தது.